ஃபோனில் கேட்ட தொழிற்சாலை

வியாழக்கிழமை காலை மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாளைக்கு ஒரு தொழிற்சாலைக்குப் போக முடியுமா என்று கேட்டார். அவர் கேள்வியை முடிப்பதற்குள் அவள் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். எங்கே, எதற்கு, எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே மனசை மாற்றிக்கொண்டுவிடுவாரோ என்ற பயம்தான்.

அவளுடைய நிறுவனம் தொழிற்சாலைகளுக்குத் தானியங்கி இயந்திரங்கள் செய்து கொடுத்தது. அவை பழுதானால் ஊர் ஊராகப் போய்ச் சரிசெய்ய நான்கு பொறியாளர்கள் இருந்தார்கள். அவளும் பொறியாளர்தான், ஆனால் ஃபோன் பிரிவு. ஆறு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, எங்கெங்கோ நின்றுபோன இயந்திரங்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த விளக்கு எரிகிறது, திரையில் என்ன எண் வருகிறது, ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா. வெளியூர் வேலைக்கு மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். உங்களை மாதிரிப் பொறுமையாகப் பேச ஆள் கிடைக்காது என்று மூன்று முறையும் புகழ்ந்தே உட்காரவைத்துவிட்டார்கள்.

இப்போது அந்த நான்கு பேரில் இருவர் கடல் தாண்டிப் போயிருந்தார்கள். ஒருவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. மிச்சமிருந்தவர் அதே தொழிற்சாலைக்கு இரண்டு தடவை போய்க் கையைப் பிசைந்துகொண்டு திரும்பியவர். இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எந்தத் தொழிற்சாலை என்று மேலாளர் சொன்னதும் அவள் நிமிர்ந்தாள். அது இடி மாமாவின் தொழிற்சாலை.

இடி மாமா அங்கே பராமரிப்புப் பொறுப்பாளர். அந்தப் பெயரை வைத்தது அவளுடைய எட்டு வயது மகள். அவள் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அவர் அந்தப் பக்கம் ஹலோ என்றால் ஹெட்ஃபோனையும் மீறி அடுத்த அறைக்குக் கேட்கும். மகள் ஓடிவந்து, இடி மாமாவுக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று என்று விசாரிப்பாள். ஆறு வருடத்தில் அவரும் அவளும் சேர்ந்து நூறு பழுதாவது பார்த்திருப்பார்கள். முகம் மட்டும் பார்த்ததில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வார். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மாட்டார். அதனாலேயே அவருடைய எண் திரையில் வந்தால் அவள் மற்றவர்களை முந்திக்கொண்டு எடுப்பாள்.

அது பற்பசைத் தொழிற்சாலை. அட்டை உறையில் போட்ட பற்பசைகளை ஓர் இயந்திரக் கை பன்னிரண்டு பன்னிரண்டாக உறிஞ்சித் தூக்கிப் பெட்டியில் அடுக்கும். அங்குள்ளவர்கள் அதைத் தும்பிக்கை என்று கூப்பிட்டார்கள். வருடக்கணக்காக ஒழுங்காக ஓடிய தும்பிக்கை, மூன்று வாரமாக நினைத்த நேரத்தில் அந்தரத்தில் நின்றது. நிற்கும்போதெல்லாம் திரையில் நூற்றிப் பதினேழு என்று ஓர் எண் வரும். கையின் தோள்மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று உள்ளே ஒரு சென்சார் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் செய்தி கண்ணிமைக்கும் நேரம் குழம்பினாலும் கை தானாக நின்றுவிடும்; இல்லாவிட்டால் எங்கே போய் இடிக்கும் என்று சொல்ல முடியாது. இதுவரை சென்சாரை மாற்றியாயிற்று, மோட்டாரை மாற்றியாயிற்று, வயரை, மின்னணுப் பலகையை எல்லாம் மாற்றியாயிற்று. தும்பிக்கை மசியவில்லை. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் சரியாகாவிட்டால் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேறு நிறுவனத்தைக் கூப்பிடப் போவதாகத் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக் கூடத்தில் கருவிகளைப் பரப்பி, பையில் வைத்து, வெளியே எடுத்து, திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். புதுப் பாதுகாப்புக் காலணி கடிக்காமலிருக்க அதைப் போட்டுக்கொண்டே சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் கணவன் வாசலில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான்.

"நம்ம கல்யாணத்துக்கு முதல் நாள்கூட உன் மூஞ்சில இவ்வளவு சந்தோஷம் இல்லையே" என்றான்.

அன்றைக்கு மாப்பிள்ளை ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தார், பழுது பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று அவள் பதில் சொன்னாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதை மாடியில் குடியிருந்த நாத்தனார் ஏற்றுக்கொண்டாள்.

விடிந்ததும் முதல் ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்து, அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தை அவள் மறுபடி நினைத்துப் பார்த்தாள். கடந்த மூன்று வாரமாக இடி மாமா பேசும்போது, அவர் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் புதிதாகக் கேட்டது. கிர்ர்ர் என்று கொஞ்சம் இழுத்து, டொப் என்று முடியும். ஆறு வருடமாக அந்தத் தொழிற்சாலையின் சத்தங்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இது அவற்றில் இல்லை. ஒரு தடவை அவரிடமே கேட்டாள். ஃபேக்டரி என்றால் சத்தம்தானே மேடம் என்று சொல்லிவிட்டார். அங்கேயே கிடப்பவர் காதுக்கு அது பழகிப்போயிருந்தது. சத்தத்துக்கும் பழுதுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொல்ல அவளிடம் எந்த ஆதாரமும் இல்லை. மேலாளரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இருந்தாலும் ரயில் ஒவ்வொரு நிலையமாகத் தாண்டத் தாண்ட அவள் அந்தச் சத்தத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

வாசல் காவலாளி அவள் பையைச் சோதித்து உள்ளே விட்டதும் முதலில் வந்து மோதியது வாசனை. புதினா. காற்று முழுக்கப் புதினா. ஆறு வருடம் பேசியும் இதை ஒருவரும் சொன்னதில்லையே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூக்கிலிருந்து நெற்றி வரை குளிர்ந்தது.

அலுவலகப் படியில் ஒல்லியாக, அவள் தோளுயரத்துக்கு ஒருவர் நின்றிருந்தார். சட்டைப் பையில் நான்கு பேனா. அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, பராமரிப்புப் பொறுப்பாளர் எங்கே என்று கேட்டாள்.

"ஹலோ மேடம்" என்றார் அவர். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் அவளை நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மாதிரி நினைத்துவைத்திருந்தாராம். அவள் தான் என்ன நினைத்துவைத்திருந்தாள் என்பதைச் சொல்லவில்லை.

தும்பிக்கையை அவள் முதல் தடவையாக நேரில் பார்த்தாள். கம்பி வேலிக்குள் மஞ்சள் நிறத்தில், அவளைவிட ஒரு மடங்கு உயரமாக, அது குனிந்து, பன்னிரண்டு பற்பசைகளை மெல்ல உறிஞ்சி எடுத்து, சட்டென்று திரும்பி, ஒரு சத்தமும் இல்லாமல் இறக்கி வைத்தது. இத்தனை வருடம் எண்ணாகவும் வரைபடமாகவும் மட்டுமே தெரிந்த ஒன்று கண்ணெதிரே மூச்சு விடுவதுபோல் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே நீளமான மேசை போட்டு, அது நிற்கும் நேரமெல்லாம் கையால் அடுக்குவதற்கு எட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். மூன்று வாரமாகக் குனிந்து நிமிர்ந்து அவர்களுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவர்களுடைய மேற்பார்வையாளரம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போன தடவை வந்தவரும் இதே மாதிரிப் பைதான் கொண்டுவந்தார் என்றாள்.

அவள் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இயந்திரத்தின் பக்கத்தில் இரைச்சல் காதை அடைத்தது. ஆனாலும் ஒரு கிர்ர் இருந்தது. வேலிக்கு வெளியே புதிதாக ஒரு காற்று உறிஞ்சும் பம்பு வைத்திருந்தார்கள். போன மாதம்தான் வைத்தது என்று இடி மாமா சொன்னதும் அவளுக்கு ரத்தம் சூடேறியது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தாள். பம்பை நிறுத்தச் சொல்லி, பழைய பம்பைத் தேடிக் கொண்டுவரச் செய்து, மாட்டி, ஓட்டுவதற்குள் ஒரு மணி நேரம் போயிற்று. தும்பிக்கை இருபது நிமிடம் அழகாக ஓடியது. இருபத்தோராவது நிமிடம் அந்தரத்தில் நின்றது. நூற்றிப் பதினேழு.

மேசையைச் சுற்றிப் பெண்கள் கையுறையை மாட்டிக்கொண்டார்கள். தொழிற்சாலை மேலாளர், எப்போதும் ஃபோனைக் கையிலேயே வைத்திருக்கும் ஒரு மனிதர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணிக்கு மற்ற நிறுவனத்து ஆட்கள் அளவெடுக்க வருகிறார்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. காலணி வேறு கடித்தது. ஃபோனிலேயே இருந்திருக்கலாமோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

முகம் வாடியதைப் பார்த்து இடி மாமா, தன் அறையில் வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கும்படி கூப்பிட்டார். அறை கட்டடத்தின் அடுத்த கோடியில், சரக்கு லாரிகள் நிற்கும் பக்கம் இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஃபோன். இவ்வளவு நாளும் அவர் பேசிய ஃபோன் அதுதான். அவள் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து வாயருகே கொண்டுபோனாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கிர்ர்ர் என்று இழுத்து, டொப் என்று முடிந்தது.

அவள் புட்டியை மேசையில் வைத்தாளா கீழே போட்டாளா என்று பிறகு அவளுக்கே ஞாபகமில்லை. ஓடி வெளியே வந்தபோது பெரிய இரும்பு ஷட்டர் ஒன்று மேலே சுருண்டு நின்றிருந்தது. அடியில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் சரக்கோடு வெளியேறிக்கொண்டிருந்தது. வண்டி போனதும் ஷட்டர் தானாக இறங்கி மூடியது. கிர்ர்ர், டொப்.

"இது எப்ப வெச்சது?"

"அஞ்சு வாரம் இருக்கும் மேடம். கரன்ட் குடுத்து ஓட்ட ஆரம்பிச்சது மூணு வாரம் முன்னாடி. அதுக்கு முன்னாடி கையால இழுத்துட்டிருந்தோம்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "மூணு வாரம்" என்று மறுபடி சொன்னார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர்களுக்கு ஷட்டர் கண்ணில் படாது, காதிலும் விழாது. பழுது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நின்றது அங்கேதான். அவள் ஒருத்திதான், இந்த அறையிலிருந்து வந்த ஃபோன் வழியாக, ஷட்டரின் பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

அவள் ஷட்டரின் பொத்தானருகே நின்றுகொண்டாள். இடி மாமாவைத் தும்பிக்கையிடம் அனுப்பி, செல்ஃபோனை வைக்காமல் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னாள். கை வேகமாகத் திரும்பும் சமயம் பார்த்து அவர் சொல்ல வேண்டும், அவள் திறக்க வேண்டும். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டு, மூன்று, நான்கு, ஒன்றுமில்லை. ஐந்தும் ஆறும் அப்படியே. ஏழாவது தடவையும் பொத்தானை அழுத்தினாள்.

"நின்னுடுச்சு மேடம்" என்றார் இடி மாமா. ஆறு வருடத்தில் அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை. "நூத்திப் பதினேழு."

ஒரு பழுது வந்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் அந்தக் கட்டடத்தில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தற்செயலாக இருக்கக் கூடாது என்று மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பதினோராவது தடவை மறுபடியும் நின்றது. அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அக்கம்பக்கம் பார்த்து, யாருமில்லை என்று தெரிந்ததும் ஒரு சின்னக் குதியும் போட்டாள்.

மிச்சம் கடகடவென்று நடந்தது. மின்சாரத்தை நிறுத்தி, மின்பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். கூரையை ஒட்டி வயர்கள் போகும் இரும்புத் தட்டுக்கு ஏணி சாத்தி ஏறினாள். இடி மாமா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். தட்டில் தும்பிக்கையின் சென்சார் வயர் மெல்லிசாக, ஆரஞ்சு நிறத்தில் கிடந்தது. அதோடு ஒட்டி, ஓர் அடிக்கு ஒரு முடிச்சாக அழகாகச் சேர்த்துக் கட்டப்பட்டு, ஷட்டர் மோட்டாரின் தடித்த கறுப்பு வயர் கூடவே ஓடியது. ஷட்டர் கிளம்பும்போதெல்லாம் கறுப்பு வயரில் ஓடும் மின்சாரம் பக்கத்திலிருந்த மெல்லிசு வயரின் காதில் கத்தியிருக்கிறது. தோள்மூட்டு சொல்லும் செய்தி அந்தக் கூச்சலில் தொலைந்துபோயிருக்கிறது. கை அதிவேகத்தில் இருக்கும்போது ஷட்டரும் கிளம்பினால் மட்டும் நூற்றிப் பதினேழு. அதனால்தான் யார் கையிலும் சிக்கவில்லை.

"யாருண்ணா இதைக் கட்டினது? வேலை ரொம்பச் சுத்தமா இருக்கே" என்று மேலிருந்து கேட்டாள்.

"நான்தான்" என்று கீழேயிருந்து சொன்னார் இடி மாமா. "உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் மேடம் போட்டேன்."

அவளுக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. வந்தபோது ஏணிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு திங்கட்கிழமை. ஃபோன் வரிசையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். எதையோ பேசி முடித்து வைக்கப்போகும் நேரத்தில், ஷட்டருக்கு ஒரு வயர் கொண்டுபோக வேண்டும், உங்கள் தட்டில் இடமிருக்கிறது, போடலாமா என்று அவர் கேட்டார். எந்த மோட்டார், எவ்வளவு மின்சாரம் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இடமிருந்தால் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள்.

அவள் இறங்கி வரவும் தொழிற்சாலை மேலாளர் வந்து சேரவும் சரியாக இருந்தது. இடி மாமா அவளை முந்திக்கொண்டார். வயரை அந்தத் தட்டில் போட்டது நான்தான், தப்பு என்னுடையது, இயந்திரத்தின் மேல் குறையில்லை என்று வரிசையாகச் சொன்னார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதோடு விட்டிருக்கலாம். பழுதைக் கண்டுபிடித்த பெயர் அவளுக்கு, தப்புக்கான பெயர் அவருக்கு. வெளியூர் வேலை என்ற கனவுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அது ஒரு நொடி அவள் மனதில் ஓடத்தான் செய்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

"அவர் என்கிட்ட கேட்டுட்டுத்தான் சார் போட்டார்" என்றாள். "நான்தான் யோசிக்காம சரின்னுட்டேன். அவர் மேல தப்பு இல்ல."

தொழிற்சாலை மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு தப்புன்னு நீங்க ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போட்டுக்குங்க. மெஷின் எப்ப ஓடும்?"

இரண்டு மணி நேரம் என்று அவள் சொன்னாள். மணி அப்போது ஒன்றரை.

தொழிற்சாலையின் எலக்ட்ரீசியன்கள் இரண்டு பேர் வந்தார்கள். கறுப்பு வயரை முடிச்சு முடிச்சாக வெட்டி உருவி, எதிர்ச் சுவரோடு தனி இரும்புக் குழாயில் கொண்டுபோனார்கள். இடி மாமாவின் குரல் பழையபடி கூரையைத் தொட்டது. அவள் ஏணியில் ஏறுவதும் இறங்குவதும், பிடிப்பானை முறுக்குவதும், தலையில் தூசி விழுவதுமாக இருந்தாள். கால் கடித்ததே தெரியவில்லை. சாப்பாட்டு நேரம் போனதும் தெரியவில்லை. ஆறு வருடம் வாயால் சொன்னதையெல்லாம் ஒரே மத்தியானத்தில் கையால் செய்வதுபோல் இருந்தது அவளுக்கு.

மூன்றே முக்காலுக்குப் பூட்டைத் திறந்து மின்சாரம் கொடுத்தாள். தும்பிக்கை குனிந்தது, எடுத்தது, திரும்பியது. ஷட்டரை மேலேற்றினார்கள், இறக்கினார்கள். பத்து, இருபது, முப்பது. மேசையருகே இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வேலிக்குப் பக்கத்தில் வந்து, அவளோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். நாற்பதில் எல்லாருடைய குரலும் உயர்ந்துவிட்டது. ஐம்பதில் இடி மாமா போதும் என்றார். அவள் கேட்கவில்லை, அறுபது வரை போனாள். தும்பிக்கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான்கு மணிக்கு அளவெடுக்க வந்தவர்களை வரவேற்பறையில் உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்து, மரியாதையாகத் திருப்பியனுப்பினார்கள்.

மேற்பார்வையாளரம்மா கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு அவளிடம் வந்தாள். "என் இடுப்பு உன்னை நல்லா இரும்மான்னு சொல்லுது" என்று சொல்லி, ஒரு பை நிறையப் பற்பசையை அவள் கையில் திணித்தாள்.

திரும்பும் ரயிலிலேயே அறிக்கையை எழுதினாள். வயர் போட அனுமதி கொடுத்தது யார், என்ன கேட்காமல் கொடுத்தாள் என்பதையும் எழுதினாள். அந்தப் பத்தியை இரண்டு தடவை அழித்து மூன்றாவது தடவை அப்படியே விட்டாள்.

திங்கட்கிழமை மேலாளர் அவளை நிற்கவைத்தே அரை மணி நேரம் பேசினார். மூன்று வாரம், இத்தனை பாகங்கள், இரண்டு பயணம், எல்லாம் ஒரு வார்த்தையால் என்றார். அவள் மறுத்துப் பேசவில்லை. விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தாள். பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து, அந்தச் சத்தத்தை ஃபோனில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, நிஜமா என்று கேட்டார். நிஜம் என்றாள். இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்றார். சொன்னால் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன் என்றாள். அவரும், சிரித்துத்தான் இருப்பேன் என்று ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஃபோன் பிரிவில் உள்ள ஒவ்வொருவரும் வருடத்தில் சில நாட்கள் தொழிற்சாலைகளுக்குப் போய்வர வேண்டும் என்று விதி வந்தது. அவளை வெளியூர் வேலைக்கு மாற்றினார்கள்; அவளுடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். கிளம்புவதற்கு முன் அவள் இடி மாமாவைக் கூப்பிட்டு, இனிமேல் எடுப்பவரிடமும் எதைக் கேட்டாலும் இரண்டு தடவை கேளுங்கள் என்று சொல்லிவைத்தாள். அவர் சரி என்றது மூன்று மேசை தள்ளிக் கேட்டது.

அடுத்த வாரமே அவளுக்கு ஒரு கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலை வந்தது. அங்கிருந்த இயந்திரத்தை அவள் பயிற்சியில்கூடப் பார்த்ததில்லை. ரயிலில் வரைபடத்தை மடியில் விரித்து வைத்து, எது எங்கே போகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது இறங்க வேண்டிய நிலையத்தில் வண்டி நின்று, கிளம்புவதற்கு ஊதிவிட்டது. வரைபடத்தைப் பாதி மடித்தும் மடிக்காமலும் கக்கத்தில் இடுக்கி, பையைத் தோளில் போட்டு, வழியில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு குதித்தாள். மூச்சு வாங்க, எதிரில் வந்த முதல் ஆளிடம் தொழிற்சாலைக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டாள்.